கிழங்குக்கு உரம் போடும்போது இலையை நம்பாதீர்கள்

கேரட், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி என்று மண்ணுக்குள் விளைகிற எதைப் போட்டாலும் சரி, மேலே தெரியும் செழிப்பை வைத்து விளைச்சலைக் கணக்குப் போடாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டால் சர்க்கரைவள்ளிக் கொடி பாத்தி முழுக்கப் படர்ந்து பார்க்கவே அழகாக இருக்கும், தோண்டினால் விரல் தடிமனில் வேர்தான் கிடைக்கும். தழைச்சத்து நிறைந்த கோழி எருவைக் கீரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அள்ளிப் போட வேண்டாம்.

விதைக்கும் முன் மண்ணில் கலக்கும் அடியுரத்துக்கு மட்கிய தொழு உரம். நன்றாக மட்கியதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்: சாண வாடை போய் மண்வாசம் வர வேண்டும், உதிரியாக இருக்க வேண்டும், வைக்கோல் துண்டு கண்ணில் படக்கூடாது. பச்சைச் சாணம் போட்ட பாத்தியில் கேரட் நேராக இறங்காமல் இரண்டு மூன்றாகக் கிளைத்துவிடும். அதைவிட முக்கியம், கேரட்டையும் முள்ளங்கியையும் பச்சையாகவே கடித்துச் சாப்பிடுகிறோம், சாணத்தில் ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கலாம். பச்சை எருதான் இருக்கிறது என்றால் அறுவடைக்கு நான்கு மாதம் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். ஒரே மாதத்தில் பிடுங்குகிற முள்ளங்கிக்கு அது ஒத்தே வராது.

அப்புறம் சாம்பல்சத்து (பொட்டாசியம்). இலையில் உண்டாகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்க இது வேண்டும், மரக்கரி அடுப்புச் சாம்பலில் தாராளமாக இருக்கிறது. ஆனால் மழையில் நனைந்த சாம்பலில் சத்து கரைந்து ஓடியிருக்கும், எருவோடு கலந்து வைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், அதனால் தனியாக, காய்ந்ததாக, மெல்லத் தூவுங்கள். உருளைக்கிழங்குக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம்! சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், கார அமில நிலை (pH) 5.5-க்கு மேல் போகப்போக தோலில் சொறி நோய் கூடும். உருளைக்கு மண் அணைக்கும்போது மண்புழு உரம் கொடுத்தால் போதும்.

வேர் முடிச்சுப் போட்டுக் கேரட் கோணலாக வந்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவைச் சந்தேகப்படுங்கள், விதைக்கும் முன் வேப்பம்புண்ணாக்கு இடலாம். எலும்புத்தூள் அமில மண்ணில்தான் கரைந்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும், கார மண்ணில் போட்டால் வீண்.

சேனை, இஞ்சி, மஞ்சள் மூன்றும் பல மாதம் மண்ணில் கிடப்பவை, மண்ணின் சத்தை நிறையச் சாப்பிடுகிறவை. அவற்றுக்குத் தொழு உரத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.