"மேற்பரப்பு கடத்தறதுக்கு டோபாலஜிதான் காரணம்னு நம்புறீங்களா சார்?"

அவள் அப்படிக் கேட்டதும், "நம்புறேம்மா" என்று நான் சொன்னதும் இன்னும் உறுத்துகிறது. படிகத்துக்குள் எலக்ட்ரான் நிலைகள் முறுக்கிக்கிடக்கும் விதத்துக்குப் பெயர்தான் 'டோபாலஜி'. நம்பிக்கொண்டேதான் அந்தச் சொல்லை ஆய்வேட்டின் முடிவுரையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

காசிமேட்டுப் பெண். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குச் சமாரியம் ஹெக்ஸாபோரைடு படிகம். குளிரக் குளிர மின்தடை பல ஆயிரம் மடங்கு ஏறும். சுமார் 4 கெல்வினுக்குக் கீழே ஏறாமல் நின்றுவிடும். 1969-லிருந்தே தெரிந்த புதிர். அணுவோடு ஒட்டிக்கிடக்கும் எஃப்-எலக்ட்ரான்களும் ஓடித்திரிந்து கடத்தும் எலக்ட்ரான்களும் கலந்து, எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி திறந்தபின் உள்ளே வழியில்லை. பிறகு மின்சாரம் எதன் வழியாகப் போகிறது? இப்படிக் கலப்பால் இடைவெளி திறக்கும் பொருளைக் கோண்டோ இன்சுலேட்டர் என்பார்கள். அதன் மேற்பரப்பு டோபாலஜியாலேயே கடத்தும் என்று 2010-இல் ட்ஜெரோ, சன், கலிட்ஸ்கி, கோல்மேன் நால்வரும் கணித்தார்கள்.

படிகத்தின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பாதிக் கனத்துக்குக் கொண்டுவந்தாள். மேலே வெள்ளிப் பேஸ்டில் ஒட்டியிருந்த தலைமுடி கனத் தங்கக் கம்பி நாலும் அசையவில்லை. வெளியே ஒரு ஆய்வு மையத்தில் கெஞ்சி வாங்கிய நேரத்தில் அளந்தோம். அறை வெப்பநிலையில் மின்தடை ஏறக்குறைய இரட்டிப்பு. 2 கெல்வினில் பழைய எண்ணேதான். கனம் பாதியானது அங்கே பாதிக்கவில்லை என்றால் மின்சாரம் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. திரையைப் பார்த்து அவள் கத்தியே விட்டாள்.

"மேற்பரப்புதான் கடத்துதுன்னு எழுதும்மா. ஏன் கடத்துதுன்னு இந்தத் தரவு சொல்லலை."

"எல்லா பேப்பர்லயும் எழுதறாங்களே சார்."

இயற்பியலாக நான் சொன்னது சரி. சாதாரணக் கடத்து படலம் ஒன்று மேலே இருந்தாலும் இதே விடைதான் வரும். கரடுமுரடாகத் தேய்த்தால் அடியில் விழும் விரிசல்களும் கடத்தும். காந்தத்தன்மை டோபாலஜிக் கடத்தலைக் கெடுக்கும். காந்தத்தன்மையுள்ள கடோலினியத்தைக் கலந்தால் மின்தடை ஏறாமல் நிற்கும் அந்தச் சமநிலை அழிகிறது, காந்தத்தன்மையற்ற இட்ரியத்தைக் கலந்தால் நிற்கிறது என்று 2014-இல் காட்டினார்களே, அந்த மாதிரி ஒப்பீடு வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே படிகம்.

ஆனால் அந்த நேரத்தில் என் மனசில் கடோலினியம் மட்டுமா இருந்தது? வைவாவுக்கு, வாய்மொழித் தேர்வுக்கு, வருகிற தேர்வாளரும் இருந்தார். வடசென்னைக் கல்லூரிப் பிள்ளை பெரிய வார்த்தை எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு மடக்குவார்கள்; பெரிய நிறுவனத்துப் பிள்ளை எழுதினால் தலையாட்டுவார்கள். அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சண்டை போட்டுப் பார்க்க அவளுக்குத் தெம்பு இருந்தது. அவளைக் கேட்காமலே நான் ஏன் அவளுக்காகப் பயந்தேன்?

நம்புறேன் என்று நான் சொன்னதும், "அப்புறம் ஏன் சார் எழுதக் கூடாது?" என்றாள். "நம்பிக்கை வேற, அளவீடு வேற" என்றேன். அவள் பதில் பேசாமல் அந்த வரியை அழித்தாள்.

இந்த வருஷப் பையனிடமும் முடிவுரையிலிருந்து எடுக்கத்தான் சொன்னேன். விவாதப் பகுதியில் உன் கருத்தாக ஒரு பத்தி எழுதிக்கொள் என்று கூடவே சொன்னேன். அது அவளுக்கும் பொருந்தியிருக்கும்.