ஹெச்பி ஏற்றிய படகில் டிரைவ் கியர் நீடிக்க

எஞ்சினைப் பிரித்து, சூப்பர்சார்ஜர் வைத்து, 500 ஹெச்பிக்கு மேல் ஏற்றிய பிறகுதான் பலருக்கும் படகின் பின்னால் தொங்கி ப்ரொப்பெல்லரைச் சுற்றும் டிரைவ் ஞாபகத்துக்கு வருகிறது. போன வாரம் ஒரு நண்பர் ஃபோனில், "அண்ணா, பிராவோ ஒன் டிரைவ்தான் போட்டிருக்கு. கிரயோ பண்ணின கியர் வாங்கிப் போட்டா தாங்கிடுமா?" என்று கேட்டார். பிராவோ ஒன் என்பது மெர்க்குரியின் ஒரு டிரைவ் வகை; கிரயோ என்றால் கடுங்குளிரில் பதப்படுத்துவது. கனடாவின் ஒன்டாரியோவில் சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, டிரைவ் வெளியே உள்ள அமைப்பு) பிரித்துக் கோர்ப்பதுதான் என் வேலை. ஃபோனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

டிரைவுக்குள் சக்தி போகும் வழி முதலில் தெரிய வேண்டும். எஞ்சின் படகுக்குள் படுத்திருக்கிறது. அதன் சுழற்சி டிரான்ஸம் என்ற படகின் பின்சுவரைத் தாண்டி, யூ-ஜாயின்ட் என்ற வளைந்து கொடுக்கும் இணைப்பு வழியாக டிரைவின் மேல்பாதியான அப்பர் யூனிட்டுக்கு வரும். அங்கே ஒரு ஜோடி பெவல் கியர் (கூம்பு வடிவக் கியர்) அதை 90 டிகிரி திருப்பிக் கீழே அனுப்பும். நின்றிருக்கும் ஷாஃப்ட் வழியாக லோயர் யூனிட்டுக்குப் போய் இன்னொரு 90 டிகிரி திரும்பினால் ப்ராப், அதாவது ப்ரொப்பெல்லர். அமெரிக்க எஞ்சினியர் ஜிம் வின் யோசித்த இந்த அமைப்பை வால்வோ பென்டா 1959-இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியபோது எஞ்சின் 80 ஹெச்பிதான். இன்று அதே இரண்டு திருப்பங்கள் வழியாக ஆறு மடங்குக்கும் மேல் அனுப்புகிறோம்.

ஆனால் கியருக்கு ஹெச்பி தெரியாது. பல்லின் மேல் விழுவது டார்க், அதாவது திருப்பும் விசை. ஹெச்பியை 5252-ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுத்தால் டார்க் பவுண்டு-அடியில் கிடைக்கும். 5250 ஆர்பிஎம்மில் 525 ஹெச்பி தரும் எஞ்சின் அந்த இடத்தில் கொடுப்பது 525 பவுண்டு-அடி. சூப்பர்சார்ஜர் வைத்த இன்னொரு எஞ்சின் 3500 ஆர்பிஎம்மிலேயே 600 பவுண்டு-அடி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அது வெறும் 400 ஹெச்பிதான். பல்லுக்கு இரண்டாவதுதான் பாரம். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலெழும்பும் நேரம் இந்த நடு ஆர்பிஎம்மில்தான் வரும். நின்ற இடத்திலிருந்து திராட்டிலை முழுக்கத் தள்ளிக் கிளப்புகிறவர்களின் டிரைவை நான் சீக்கிரமே பார்ப்பேன். மெதுவாக மேலெழும்ப விட்டு, படகு தட்டையாக ஓடத் தொடங்கிய பிறகு சக்தியைக் கொடுங்கள். இதற்கு ஒரு டாலரும் செலவில்லை.

இதைவிட மோசமானது காற்றில் பறப்பது. அலையில் ஏறிப் படகு எகிறும்போது ப்ராப் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. பிடிப்பே இல்லாததால் எஞ்சின் ஒரு நொடியில் ரெவ் லிமிட்டர் வரை போய்விடும். கிராங்க், ஃப்ளைவீல், ஷாஃப்டுகள், ப்ராப் எல்லாம் அந்த வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது படகு விழுகிறது, தண்ணீர் ப்ராப்பைக் கப்பென்று பிடிக்கிறது. சுழன்றுகொண்டிருந்த அத்தனை எடையின் வேகத்தையும் சில பற்கள் மட்டுமே தாங்கியாக வேண்டும். ஆஃப்ஷோர் பந்தயப் படகுகளில் ஸ்டியரிங் பிடிக்க ஒருவர், திராட்டிலுக்கென்றே ஒருவர் என்று இரண்டு பேர் உட்காருவது இதனால்தான். ப்ராப் வெளியே வரும்போது திராட்டிலை இழுக்க வேண்டும். தண்ணீர் பிடித்த பிறகே திரும்பக் கொடுக்க வேண்டும். கிங்ஸ்டன் பக்கம் போக்கர் ரன் என்ற வேகப் படகு ஓட்டத்துக்குப் போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது இது ஒன்றுதான். வலது கை பழகாத வரை எந்தக் கியர் செட்டும் போதாது.

அடுத்து சூடு. லோயர் யூனிட் தண்ணீருக்குள் இருப்பதால் தானே ஆறிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது அப்பர் யூனிட் முழுக்க வெளியே நிற்கிறது. உறை அலுமினியம், கியரும் பேரிங்கும் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். கோர்க்கும்போது பேரிங்குக்கு வைத்த ப்ரீலோட் (முன்கூட்டியே கொடுத்த இறுக்கம்) தளர்கிறது, கியர்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்கின்றன. போதாததற்கு, பெவல் கியர் இரண்டும் பாரத்தில் ஒன்றையொன்று தள்ளிவிடப் பார்க்கும். அந்தத் தள்ளலுக்கு உறையும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அப்பர் யூனிட்டின் மேல்மூடியைக் ஒரே உலோகக் கட்டியில் கடைந்த கனமான பில்லெட் மூடியாக மாற்றுவது பளபளப்புக்காக என்று நினைக்கிறார்கள். அந்த வளைவைக் குறைப்பதுதான் அதன் வேலை. கூடவே ஒரு டிரைவ் ஷவர் போட்டுவிடுங்கள். ஏரித் தண்ணீரையே குழாயில் பிடித்து அப்பர் மேல் தெளிக்கும் எளிய சாமான். 500 ஹெச்பி பக்கம் போகிற எந்தப் படகிலும் நான் முதலில் மாட்டச் சொல்வது இதைத்தான்.

இப்போது கோர்க்கும் மேசைக்கு வருவோம். டிரைவின் ஆயுளில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான எண்ணம். கியர் பற்களில் மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவுவேன். ஷாஃப்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து மறுகையால் சுற்றினால், பல் பல்லைத் தொட்ட இடத்தில் பேஸ்ட் விலகி நீள்வட்டத் தடம் தெரியும். அந்தத் தடம் பல்லின் உச்சியிலும் இருக்கக்கூடாது, அடியிலும் இருக்கக்கூடாது. நீளவாக்கில் நடுவிலிருந்து உள்முனை பக்கம் லேசாகத் தள்ளி இருந்தால் எனக்குத் திருப்தி. ஏனென்றால் பாரம் ஏறியதும் தடம் வெளிமுனையை நோக்கி நகரும். மேசையில் சரியாக நடுவில் அழகாக விழுந்த தடம், ஏரியில் முழு திராட்டிலில் விளிம்புக்குப் போய்விடும். விளிம்பில் பாரம் விழுந்தால் பல்லின் மூலை தெறிக்கும். இதைச் சரிசெய்ய அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள ஷிம்மை (இடைத்தகட்டை) மாற்றி, திரும்பப் பேஸ்ட் தடவி, திரும்பச் சுற்றி, பேக்லாஷை (பற்களுக்கு இடையே உள்ள ஆட்டத்தை) டயல் கேஜில் பார்த்து, ப்ரீலோடை அங்குல-பவுண்டு ரென்ச்சில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு ஷிம்முக்காக ஷாஃப்டைத் திரும்பத் திரும்பக் கழற்றும் நாட்கள் உண்டு. புதுக் கியரை வாங்கி, பழைய ஷிம்களையே அப்படியே போட்டு மூடிய டிரைவுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. விலை உயர்ந்த அந்தக் கியர்களின் பற்களில் தேய்மானம் ஓர் ஓரத்தில் மட்டும் இருந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

நண்பர் கேட்ட கிரயோ விஷயம் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். நல்ல கியர் என்றால் மேல்தோல் கார்பன் ஏற்றிக் கடினமாக்கப்பட்டு, உள்ளே முறியாத உறுதியோடு இருக்கும். பந்தயக் கியர்களுக்கு 9310 என்ற எஃகு வகையை விரும்புவது அதனால்தான். கிரயோ என்பது திரவ நைட்ரஜன் குளிருக்கு இறக்கி, கடினமாகாமல் மிஞ்சியிருக்கும் ஆஸ்டெனைட்டை (எஃகின் மென்மையான அமைப்பை) மார்ட்டென்சைட்டாக (கடினமான அமைப்பாக) மாற்றுவது. தேய்மானத்துக்கு உதவும். காற்றில் பறந்து விழும் அடியிலிருந்து காப்பாற்றாது. ஷாட் பீனிங், அதாவது சிறு குண்டுகளை வீசி மேற்பரப்பை அடிப்பது, பல்லின் அடியை அழுத்தத்தில் வைத்திருப்பதால் அங்கே விரிசல் கிளம்புவது தாமதமாகும். மேற்பரப்பு மெருகேற்றல் பல்லின் நுண்ணிய மேடுகளை எடுத்துவிடும். உராய்வு குறையும், சூடு குறையும், குழி விழுவது தள்ளிப்போகும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் மெருகேற்றலுக்குக் கொடுப்பேன்.

ஆயில் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பிராவோ ஒன்னில், எஞ்சின் அறையில் இருக்கும் ஆயில் பாட்டிலையும் சேர்த்துப் பிடிப்பது சுமார் 2.6 லிட்டர். அந்தக் கொஞ்ச ஆயில்தான் இத்தனை அழுத்தத்தையும் சூட்டையும் தாங்குகிறது. வழக்கமான படகுக்கு 100 மணி நேரம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சக்தி ஏற்றிய படகுக்கு 25 மணி நேரத்தில் மாற்றுங்கள் என்பேன். மாற்றும்போது ட்ரெயின் ப்ளக்கின் காந்த நுனியை விரலால் துடைத்துப் பாருங்கள். மை போல வழுவழுப்பான கருப்பு ஒட்டியிருந்தால் பயமில்லை. விரல்களுக்கு நடுவே நறநறத்தால் கவனம். வெளிச்சத்தில் மின்னும் செதில் ஒன்று கிடைத்தாலும் படகை ஏரியில் இறக்காதீர்கள். அந்த நிலையில் பிரித்தால் ஒரு பேரிங்கோடு போகலாம், ஓட்டினால் உறையே போகும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. நிரப்புவது எப்போதும் அடித்துளையிலிருந்து மேல்நோக்கி, இல்லாவிட்டால் காற்று உள்ளே தங்கிவிடும்.

ப்ராப் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. கனமான ப்ராப்பும், அதன் நடுவில் ஷாஃப்டோடு சேரும் கெட்டி ஹப்பும் சேர்ந்தால் அடி நேராகப் பல்லுக்கே போகும். நடுவில் கொஞ்சம் கொடுத்து வாங்கும் ஹப்பை விட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் அலைன்மென்ட்டையும் மறக்கக்கூடாது. மவுன்ட் கொஞ்சம் இறங்கினாலும் அலைன்மென்ட் பார் என்ற சோதனைக் கம்பி, எஞ்சினில் ஷாஃப்ட் செருகும் கப்ளருக்குள் வழுக்கிக்கொண்டு போகாது. அப்போது ஷாஃப்ட் சாய்வாகச் சுழன்று யூ-ஜாயின்டையும், ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் அரிக்கும். பிராவோவில் கியர் மாற்றுவது அப்பரில் உள்ள கூம்பு வடிவ கோன் கிளட்ச். கேபிள் சரியாக இல்லாமல் அது அரைகுறையாகப் பிடித்தால் வழுக்கி வழுக்கிச் சூடேறும். ஐடிலில் வைத்து, கியரைத் தயங்காமல் ஒரே தள்ளில் போட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஓர் எல்லை இருக்கிறது. மெர்க்குரி ரேசிங் தன் 525 ஹெச்பி எஞ்சினுக்கே சாதாரண பிராவோ ஒன்னை விட்டுவிட்டு அதைவிட உறுதியான எக்ஸ்ஆர் வகையைத்தான் கொடுத்தது. 2010-இல் 9 லிட்டர் இரட்டை டர்போ 1350 ஹெச்பி எஞ்சின் வந்தபோது, அதற்கு ஆயிலைத் தனியாகச் சுற்றவிடும் டிரை-சம்ப் அமைப்புள்ள எம்8 டிரைவ் தேவைப்பட்டது. உங்கள் எஞ்சின் 600-ஐத் தாண்டுகிறது, படகும் கனம் என்றால், பிராவோவுக்கு ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். அந்தக் காசைச் சேர்த்துவைத்துப் பெரிய டிரைவாக வாங்குங்கள். பிராவோவைவிடச் சிறிய டிரைவான ஆல்பா ஒன் வைத்திருப்பவர்கள் 300 ஹெச்பிக்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நண்பருக்கு என் பதில்: இந்த வருஷம் டிரைவ் ஷவர், மேல்மூடி, புதிதாக ஷிம் வைத்து ஒரு கோர்ப்பு. கியர் செட் அடுத்த வருஷம். அக்டோபரில் படகைக் கரையேற்றிய அன்றே ஆயிலை வடித்துவிட வேண்டும், வசந்தம் வரை தள்ளிப்போடக் கூடாது. சீல் வழியாக ஏறிய தண்ணீர் உள்ளே தங்கினால் இங்கே ஜனவரிக் குளிரில் உறைந்து லோயர் யூனிட்டைப் பிளந்துவிடும்.