எல்க் வேட்டை: டேக் வாங்குவதற்குள்ளேயே பாதிப் பணம் காலி

கொலராடோவிலிருந்து திரும்பியாயிற்று. ஃப்ரீஸர் மூட முடியாத அளவுக்குக் கறி இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஒரு எரிச்சலும் இருக்கிறது. அது மலை மேலோ பனி மேலோ இல்லை. ஒரு எல்க்கைச் சுட அனுமதி கொடுப்பதற்கு இந்த மேற்கு மாநிலங்கள் நம்மைப் போடச் சொல்லும் குட்டிக்கரணங்கள் மேல்.

டாலஸ் பக்கத்து நண்பர்கள் சிலர் "எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன். முதலில் டேக், அப்புறம் துப்பாக்கிச் சட்டம், அப்புறம் வழி, செலவு.

எல்க் தெரியாதவர்களுக்கு: நம் மேற்குத் தொடர்ச்சி மலை மிளாவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரும் உருவம். வளர்ந்த ஆண் சுமார் 700 பவுண்டு. டேக் என்பது ஒரு ஆளுக்கு ஒரு விலங்கு என்று மாநிலம் தரும் அனுமதிச் சீட்டு. டெக்சாஸில் மான் வேட்டைக்கு உரிமம் வாங்கினால் அதிலேயே டேக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். மேற்கே அப்படி இல்லை. நல்ல இடங்களுக்கெல்லாம் குலுக்கல்தான்.

அதுவும் மாநிலத்துக்கு ஒரு முறை. வயோமிங்கில் வெளிமாநிலத்தார் பிப்ரவரித் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட வேண்டும். சாதாரணக் குலுக்கலில் 692 டாலர். 'ஸ்பெஷல்' என்று இன்னொரு பெட்டி, அதில் 1,950 டாலர். ஸ்பெஷலில் எல்க் ஒன்றும் பெரிதாக இருக்காது. போட்டியாளர் குறைவு, அவ்வளவுதான். கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் எடுப்பது போலத்தான்! நியூ மெக்சிகோவில் புள்ளிக் கணக்கே கிடையாது, முதல் முறை போடுபவனுக்கும் பழைய ஆளுக்கும் ஒரே வாய்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறதே என்று பார்த்தால், 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் வழிகாட்டி வைத்துக்கொள்பவருக்கு, மிச்சமுள்ள 6 சதவீதம்தான் நம்மைப் போன்றவர்களுக்கு. அங்கேயும் பணம் முதலிலேயே கட்ட வேண்டும்.

கொலராடோவில் விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கம். டேக் கிடைத்தால்தான் டேக் பணம் எடுப்பார்கள். அடடா என்று சந்தோஷப்படாதீர்கள். விண்ணப்பம் போடவே ஒரு 'தகுதி உரிமம்' வாங்கியிருக்க வேண்டும். முயல், காடை சுடும் சிறு வேட்டை உரிமம் அதற்குப் போதும். வெளிமாநிலத்தாருக்கு அது 100 டாலர் அளவில். அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், விலங்குகளின் வாழிடத்துக்காக வாங்கும் 'வாழிட முத்திரை' என்று தனித்தனியாகக் கட்ட வேண்டும். குலுக்கலில் விழவில்லை என்றால் ஒரு முன்னுரிமைப் புள்ளி தருவார்கள். அடுத்த ஆண்டு அதிகப் புள்ளி உள்ளவருக்கு முதலிடம். இதில்தான் சூட்சுமம். வடமேற்குக் கொலராடோவில் பெரிய கொம்புக்குப் பேர்போன சில பகுதிகளுக்கு 20க்கு மேல் புள்ளி வேண்டும். எல்லாரும் ஆண்டுக்கு ஒரு புள்ளி சேர்ப்பதால் தேவையான புள்ளியும் கூடவே ஏறுகிறது. இன்று தொடங்குகிறவன் அந்த வரிசையின் தலையைப் பார்க்கவே மாட்டான். ஐந்து மாநிலங்களில் புள்ளி வாங்கிச் சேர்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அது ஒரு சீட்டுக் கம்பெனி. நான் அந்த வழிக்கே போகவில்லை.

என் தெளிவான கருத்து: முதல் எல்க்குக்குக் குலுக்கலை மறந்துவிடுங்கள். கொலராடோவில் இரண்டாவது, மூன்றாவது ரைஃபிள் பருவங்களுக்கு, மாநிலத்தின் பெரும்பகுதியில், ஆண் எல்க் டேக் ஆகஸ்ட் முதல் நேரடியாக விற்பனைக்கு வரும். எண்ணிக்கை வரம்பு இல்லை, புள்ளி வேண்டாம். 800 டாலரைச் சுற்றி ஆகும். உள்ளூர்க்காரருக்கு 70 டாலர் அளவில்தான் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது. சரி, அவர்கள் ஊர், அவர்கள் எல்க். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட வேட்டையாடித் தீர்த்துவிட்டு, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வயோமிங்கிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அமெரிக்காவிலேயே அதிக எல்க் உள்ள மாநிலம் அது. அந்த வேலைக்கு நம் டேக் பணம் போகிறது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நீளத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரியும் மாநில வனவிலங்குத் துறைகளுக்கே போகிறது. இதைச் சொல்லித்தான் வீட்டில் சமாளித்தேன். எடுபடவில்லை.

ஒரு எச்சரிக்கை: வில் வேட்டைக்கு இந்த நேரடி டேக் வெளிமாநிலத்தாருக்கு 2025 முதல் கிட்டத்தட்ட இல்லை, குலுக்கலுக்கு மாற்றிவிட்டார்கள். ரைஃபிளுக்கும் எத்தனை நாள் விட்டுவைப்பார்களோ. போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

1949 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். டெக்சாஸில் 17 வயது ஆனவர்கள் முழுக்க இணையத்திலேயே முடித்துக்கொள்ளலாம், கொலராடோ ஏற்றுக்கொள்கிறது.

இனி முக்கியமான விஷயம். என்னுடன் வந்த நண்பர் கோவில்பட்டிக்காரர், நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் இன்னும் எச்-1பி விசாவில் இருக்கிறார். அந்த விசாவில் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் மத்தியச் சட்டம். ஆனால் அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31உடன் முடிந்துவிடும். அன்று இரவே புதியது வாங்கவில்லையென்றால், அலமாரியில் சும்மா இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். கிரீன் கார்டு கனவில் இருப்பவர்கள் இதில் விளையாடாதீர்கள், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "நம்மூர்ல எப்பவோ வேட்டைய ஒழிச்சுட்டாங்க, இங்க வேட்டைச் சீட்டு இல்லாட்டித்தான் உள்ள போடுவான் போல" என்றார் அண்ணாச்சி.

போன இடம் தென்மேற்குக் கொலராடோவில் பகோசா ஸ்பிரிங்ஸ் பக்கம், வெமினூச்சி வனப்பகுதியின் ஓரம். கிட்டத்தட்ட 5 லட்சம் ஏக்கர், கொலராடோவின் மிகப்பெரிய பாதுகாக்கப்பட்ட வனம் அதுதான். மோட்டார் வண்டி நுழையக் கூடாது, நடை அல்லது குதிரை. வயோமிங்கில் இப்படிப்பட்ட வனத்துக்குள் வெளிமாநிலத்தார் பெரிய விலங்கு வேட்டையாட வழிகாட்டி வைத்தே ஆகவேண்டும். கொலராடோவில் அந்தத் தொல்லை இல்லை.

டாலஸிலிருந்து 800 மைல். அமரிலோ, டால்ஹார்ட், கிளேட்டன், ரட்டோன், வால்சன்பர்க், அலமோசா. வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அமரிலோ வரை தூக்கம்தான் வரும். ரட்டோனில் பச்சை மிளகாய்ச் சாறு ஊற்றின பர்ரிட்டோ சாப்பிட்டோம், காசுக்குத் தகுந்த காரம். அதற்கு அப்புறம் ஒரு சிற்றூரில் தங்கிய விடுதி மட்டும் மறக்காது. முன்பதிவு செய்யும்போது ஒரு விலை, போய் நின்றதும் "வேட்டைப் பருவக் கட்டணம்" என்று 60 டாலர் கூட. கேட்டதற்கு வேறு அறை எங்கேயும் கிடைக்காது என்று சிரித்தபடி சொன்னார். உண்மைதான், கிடைக்காது. ஹீட்டர் இரவு முழுக்க லாரி மாதிரி உறுமியது. இனிமேல் வண்டியிலேயே தூங்குவேன், அவருக்குப் பத்து பைசா தரமாட்டேன். தேசிய வனத்துக்குள் போய்விட்டால் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை இலவசமாகக் கூடாரம் போடலாம்.

வரைபடச் செயலி இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆன்எக்ஸ் மாதிரி ஒன்று போதும். எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்று நிறம் பிரித்துக் காட்டும். நிலம் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி இருக்கும் இடங்களில், இரண்டு அரசு நிலங்கள் தொடும் மூலையைத் தாண்டிப் போகலாமா என்று வயோமிங்கில் பெரிய வழக்கே நடந்தது. தனியார் நிலத்தை மிதிக்காமல் மூலை தாண்டலாம் என்று 10ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. கொலராடோவும் அந்த வட்டத்தில்தான் வருகிறது.

மேலே ஏறியதும் முதல் பிரச்சினை மூச்சு. டாலஸ் கடல் மட்டத்திலிருந்து 500 அடிதான் இருக்கும், நாங்கள் கூடாரம் போட்டது 10,000 அடியை ஒட்டி. தலைவலி, தூக்கமின்மை. வேட்டை தொடங்குவதற்கு முன்பே போய் உடம்பைப் பழக்குங்கள். இதற்கு மேல் எந்தக் கருவியும் உதவாது. ஆரஞ்சு நிற உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: 500 சதுர அங்குலமாவது பளிச்சென்று தெரிய வேண்டும், தொப்பியும் வேண்டும். 2016 முதல் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் சரிதான். அண்ணாச்சி தள்ளுபடியில் கிடைத்தது என்று இளஞ்சிவப்பில் வந்தார். மலையே அவரைப் பார்த்தது.

அக்டோபர் கடைசியில் எல்க் சத்தம் போடாது. செப்டம்பரில் ஊளையிட்ட ஆண்களெல்லாம் அடர்ந்த மரங்களுக்குள் பதுங்கிவிடும். விடியலில் பைனாக்குலரோடு உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. பல நாள் குளிரும் குந்தலும்தான். ஒரு காலை, பனி விழுந்து ஓய்ந்ததும், மரவிளிம்பில் ஒரு ஆண் வந்து நின்றது. உடனே சுட முடியாது. அந்தப் பகுதி விதிப்படி ஒரு பக்கக் கொம்பில் நான்கு முனையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிக் கிளை 5 அங்குலம் இருக்க வேண்டும். நான் பைனாக்குலரில் எண்ண, அண்ணாச்சி ரைஃபிளோடு படுத்திருக்க, "நாலா? நாலா தம்பி?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அது தலையைத் திருப்பியபோது ஐந்து தெரிந்தது. ஒரே குண்டு.

அதற்குப் பிறகுதான் வேலை. முந்தின நாள் மாலை வண்டி நிறுத்துமிடத்தில் கோவேறு கழுதைகளோடு ஒருவர் நின்றார். எல்க் விழுந்தால் 400 டாலருக்கு இறக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் மூன்று மைல் இறங்கிப் போய்ச் சொன்னால், 400 என்பது ஒரு கழுதைக்காம். மூன்று கழுதை வேண்டுமாம். பணமாகவே வேண்டுமாம். செத்த எல்க் மேலே கிடக்கிறது, இவனுக்கு வேறு வழியில்லை என்ற கணக்கு. கொலராடோவில் காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கறி சுமப்பவர் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் என்ன என்று கேட்டேன். மனிதர் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போய்யா என்று திரும்பிவிட்டேன்.

நாங்களே சுமந்தோம். இரண்டு தொடை, இரண்டு சப்பை, முதுகுக்கறி, கழுத்துக்கறி எல்லாம் துணிப்பையில். எது ஆண், எது பெண் என்பதற்கான அடையாளத்தை ஒரு பாகத்தில் இயற்கையாக ஒட்டியபடியே விட வேண்டும், டேக்கும் கூடவே. தின்னத் தக்க கறியைக் காட்டில் விட்டு வருவது அங்கே குற்றம். எலும்போடு ஒரு பின்தொடையே 60 பவுண்டு. மறுநாள் இருட்டும் வரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தோம். முழங்கால் இன்னும் பேசுகிறது. ஆனால் 1,200 டாலர் மிச்சம்!

இப்போது சாப்பாடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று கூடச் சொல்லலாம். 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வெந்த மாதிரி தெரியும், வேகாது. அண்ணாச்சி 5 லிட்டர் பிரஷர் குக்கரைத் தூக்கி வந்திருந்தார். வெளியே தாங்காத குளிர், உள்ளே குக்கர் விசில். பக்கத்துக் கூடாரத்து ஓக்லஹோமாக்காரர்கள் என்ன சத்தம் என்று டார்ச்சோடு ஓடி வந்தார்கள். முதுகுக்கறியைச் சின்னத் துண்டாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தட்டிய மிளகு, உப்பு, அவ்வளவுதான். எல்க்கில் கொழுப்பு கிடையாது, அதிகம் வறுத்தால் செருப்பாகிவிடும். இரண்டே நிமிடம். கவுச்சி துளி இல்லை. ஆட்டுக்கறியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். ஓக்லஹோமாக்காரர்கள் தட்டைக் கழுவாமலே வைக்கும் அளவுக்கு வழித்துச் சாப்பிட்டார்கள்.

செலவுக் கணக்கு சொல்கிறேன் என்றேனே. டேக், உரிமம், பெட்ரோல், அந்த விடுதி, சாப்பாட்டுச் சாமான், பனிக்கட்டி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 3,000 டாலருக்கு மேல். பூட்ஸ், துப்பாக்கி இதில் இல்லை. எலும்பு நீக்கிய கறி 200 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூளையும் தண்டுவடமும் டெக்சாஸுக்குள் வரக் கூடாது, மான்களுக்கு வரும் நோய்க்காக. அதனால் அங்கேயே எலும்பை எடுத்துவிட்டோம். வெட்டித் தரும் கடைக்குக் கொடுத்தால் பவுண்டுக்கு இவ்வளவு என்று இன்னொரு பில், வீட்டிலேயே வெட்டிக்கொண்டோம். பவுண்டு 16 டாலர் வருகிறது. "அந்தக் காசுக்கு ஊருக்கே போய் வந்திருக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள், கறியை வறுத்துக்கொண்டே.

என் டேக் வெறும் காகிதமாகத் திரும்பியது, பணம் திரும்பாது. அடுத்த மார்ச்சில் நியூ மெக்சிகோ குலுக்கலில் ஒரு பெட்டை எல்க்குக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன். 6 சதவீதம்தான், தெரியும். விழாவிட்டால் ஆகஸ்டில் கொலராடோ. மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்: முதுகு பலமாக இருக்க வேண்டும், பெட்ரோலில் பங்கு தர வேண்டும், குறட்டை விடக் கூடாது.