வாக்குச்சீட்டின் கடைசியில் ஒரு நீதிபதி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில், குற்றவியல் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த வழக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. என்னை நியமித்தவர் நீதிபதி. அவரை அமர்த்தியவர்கள் வாக்காளர்கள். டெக்சாஸில் மாவட்ட நீதிபதி 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்க வேண்டும்.

காலையில் தன் முன் வாதாடிய வழக்கறிஞரிடமே மாலையில் அவர் தேர்தல் நன்கொடை பெறலாம். 1995இல் வந்த சட்டம் தொகைக்கு வரம்பு வைத்ததே தவிர, வாங்குவதைத் தடுக்கவில்லை. இது கூடாது என்பதே என் எண்ணம்.

எங்களிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை, பொதுமக்கள் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி வரை போகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்பவரை நீதிபதி முதலில் எச்சரித்தாக வேண்டும்: தண்டனை எவ்வளவு வரை போகலாம், குடியுரிமை இல்லாதவரானால் நாடு கடத்தப்படலாம் என்றெல்லாம். கடகடவென்று வாசித்துவிட்டு அடுத்த வழக்கை அழைப்பவர்கள் உண்டு. எங்கள் நீதிபதி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளருடன் நின்ற ஓர் இளைஞன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். “நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்றார் நீதிபதி. அவனால் முடியவில்லை. வழக்கறிஞரை அழைத்து, நிதானமாக விளக்கிவிட்டு மறுபடி வரச் சொன்னார். அன்று பட்டியல் மாலை வரை நீண்டது. அவரிடம் வேலை பார்ப்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

வாக்காளர் யாரும் அதைப் பார்க்கவில்லை. நீண்ட வாக்குச்சீட்டில், ஆளுநர் முதலானோருக்கெல்லாம் கீழே, வரிசை வரிசையாக நீதிபதிகளின் பெயர்கள் இருக்கும். அப்போது ஒரே தேர்வில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்களித்துவிட முடியும். 2018 நவம்பரில் வீசிய ஜனநாயகக் கட்சி அலையில் எங்கள் கவுண்டியில் குடியரசுக் கட்சி நீதிபதிகள், பொறுப்பானவர், அலட்சியமானவர் என்ற வேறுபாடின்றித் தோற்றார்கள். எங்கள் நீதிபதியும் தோற்றார். பதவிக்காலம் டிசம்பர் இறுதி வரை இருந்தது. அதுவரை அதே நிதானத்தோடு பெஞ்சில் அமர்ந்தார்.

ஒரே தேர்வில் வாக்களிக்கும் முறை 2020இல் நீக்கப்பட்டது. மாவட்ட நீதிபதிக்குத் தேவையான சட்ட அனுபவத்தை 4 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக உயர்த்த 2021இல் மக்கள் வாக்களித்தார்கள். இரண்டும் நல்லவை, ஆனால் போதாதவை. 99 ஆண்டுச் சிறைகூட விதிக்கக்கூடிய நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கும் உரிமை மக்களிடம் இருக்கட்டும். அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்து கட்சிப் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்கிறேன்.