100 யென்னுக்கு 3 பாட்டு

டோக்கியோவின் அகிஹபாராவில், காசு போட்டு ஆடும் மெஷின்கள் நிறைந்த எந்த கேம் சென்டருக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது கொக்கியால் பொம்மை பிடிக்கும் மெஷின்கள்தான். தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தை அவற்றுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நான் தேடிப் போன தாள விளையாட்டுகள் பெரும்பாலும் மாடியிலோ நிலவறையிலோ இருக்கும். வழி கேட்க வேண்டியதில்லை; படியேறும்போதே காதில் விழுந்துவிடும். ஐந்தாறு பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, அதற்கும் மேலே பட்டன்கள் படபடக்கும் சத்தம்.

இந்த வகை விளையாட்டுக்கு வழி போட்டது வீட்டு டிவி. 1996இல் பிளேஸ்டேஷனில் வந்த பராப்பா தி ராப்பரை உருவாக்கியவர் மசாயா மட்சுரா என்ற இசைக்கலைஞர். திரையில் வரும் குறியைப் பார்த்துத் தாளம் தப்பாமல் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு டிசம்பரில் கொனாமி நிறுவனம் கேம் சென்டர்களில் பீட்மேனியாவை இறக்கியது. 5 பட்டன்கள், பக்கத்தில் டிஜேக்கள் தேய்ப்பது போல ஒரு சுழல்தட்டு. வீட்டில் கையில் பிடிக்கும் ரிமோட் எல்லா விளையாட்டுக்கும் ஒன்றேதான். கேம் சென்டர் மெஷினை எந்த வடிவத்திலும் செய்யலாம். அதன் பிறகு நடந்ததை மெஷினின் உடம்பு மாறிக்கொண்டே போன கதையாகத்தான் நான் பார்க்கிறேன். பாட்டெல்லாம் அதற்கு ஒரு சாக்கு.

1998இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வந்தது. கைக்கு இருந்த வேலை காலுக்குப் போனது. அதே ஆண்டு பாப்பின் மியூசிக்: 9 வண்ண வண்ணப் பட்டன்கள், கார்ட்டூன் முகங்கள். நண்பர்கள் சேர்ந்து நின்று சிரித்துக்கொண்டே ஆடட்டும் என்று செய்தது. இப்போது அதன் கடினமான பாட்டுகளை ஒருவர் தனியாக ஆடுவதைப் பார்த்தால் சிரிப்பு வராது. 1999இல் கிட்டாரும் டிரம்ஸும் வந்தன. இரண்டு மெஷினையும் இணைத்து ஒரே பாட்டைச் சேர்ந்து வாசிக்கவும் முடிந்தது. கொனாமி என்ற ஒரே நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் இத்தனையும் செய்தது என்பது இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

அன்றைக்கு நான் அதிக நேரம் நின்றது பீட்மேனியா டூ டிஎக்ஸ் பக்கம். 1999இல் வந்த இந்தத் தம்பி மெஷினில் 7 பட்டன்கள்: கீழே 4 வெள்ளை, மேலே 3 கறுப்பு. அவற்றோடு சுழல்தட்டு. அலுவலக உடையில் ஒருவர் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஸ்கோரைச் சேர்த்துவைக்கும் அட்டையை வைத்து ரகசிய எண்ணை அமுக்கினார், சொந்த இயர்போனைச் செருகினார். அப்புறம் செய்ததுதான் எனக்குப் புதிது. மேலிருந்து குறிகள் விழுந்துவரும் பாதையின் மேல்பகுதியை ஒரு திரை போட்டு மறைத்துவிட்டார். குறி தெரிவதே கீழே வரும் கொஞ்ச தூரம்தான். வேகத்தையும் கூட்டிக்கொண்டார். பார்ப்பதைக் குறைத்தால் கஷ்டம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் குறிகள் நெருக்கமாகக் குவிந்துகிடந்தால்தான் கண் தடுமாறும். வேகமாக விழுந்தால் அவற்றுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும். பழகியவர்கள் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் ஆடுகிறார்கள். பாட்டு தொடங்கியது. இடது கைச் சுண்டுவிரல் தட்டை இழுக்க, மற்ற விரல்கள் எல்லாம் பட்டன்களின் மேல். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

இதில் ஜூடோ மாதிரி கியூ (தொடக்கப் படிகள்), டான் (மேல் படிகள்) என்று உண்டு. 7ஆம் கியூவில் ஆரம்பித்து 10ஆம் டான் வரை ஏறலாம், அதற்கு மேலும் 2 படிகள். தேர்வு என்றால் 4 பாட்டுகளைத் தொடர்ந்து, தப்பு செய்யச் செய்யக் குறையும் உயிர்க்கோடு தீர்ந்துவிடாமல் முடிக்க வேண்டும். அந்த மேல் படியை எட்டப் பல ஆண்டுகளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். 2021இல் தொழில்முறைப் போட்டித் தொடரே தொடங்கிவிட்டார்கள்.

தைக்கோ நோ தட்சுஜின் இதற்கு நேர் எதிர். நாம்கோ 2001இல் கொண்டுவந்த முரசு விளையாட்டு. சிவப்பு வட்டம் வந்தால் முரசின் நடுவில் அடி, நீலம் வந்தால் விளிம்பில் அடி. எந்தக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். நானும் அடித்தேன், கை வலிக்க அடித்தேன். பக்கத்து மெஷினில் ஒரு பையன் பையிலிருந்து துணியில் சுற்றிய தன் சொந்தக் குச்சிகளை எடுத்தான். மெஷினோடு கட்டியிருக்கும் குச்சிகள் தடிமன். வேகமாக அடிக்கத் தோதுப்படாது. அவன் அடித்தபோது முரசுச் சத்தம் இடைவெளியே இல்லாமல் ஒரே இரைச்சலாகக் கேட்டது.

சேகாவின் மைமை 2012இல் வந்தது. வட்டத் திரை, சுற்றிலும் 8 பட்டன்கள். ஜப்பானியர்களே அதை வாஷிங் மெஷின் என்றுதான் கிண்டல் செய்கிறார்கள், பார்த்தால் உங்களுக்கும் அதுதான் தோன்றும். திரையில் கையை வழுக்கி இழுக்க வேண்டியிருப்பதால் பலரும் கையுறை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். 2015இல் வந்த சூனிதமில் தொடுபட்டைக்கு மேலே காற்றில் கையைத் தூக்கினாலும் மெஷின் கண்டுகொள்கிறது.

இவ்வளவு பெரிய மெஷின்களை வீட்டில் வைக்க முடியாது, டோக்கியோ வீடுகளில் கேட்கவே வேண்டாம். சண்டை விளையாட்டும் ரேஸும் வீட்டுக்குப் போய்விட்ட பிறகும் இவை கடையில் தங்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கடைகளின் நிலைமை நன்றாக இல்லை. 1986இல் ஜப்பானில் சுமார் 26,000 கேம் சென்டர்கள் இருந்தன. 2019இல் சுமார் 4,000. கொரோனா காலத்தில் சேகா தன் கடைகளின் பெரும்பங்கை 2020 டிசம்பரில் ஜெண்டா நிறுவனத்துக்கு விற்றது, மீதியை 2022 ஜனவரியில். பெயர்ப்பலகைகள் இப்போது கீகோ என்று மாறிவிட்டன. மெஷின் செய்வதை மட்டும் சேகா விடவில்லை.

எனக்கு உறுத்தியது இன்னொரு கணக்கு. பீட்மேனியா வந்தபோது விற்பனை வரி 5 சதவீதம். 2014இல் 8, 2019இல் 10. மெஷினில் போடுவதோ இன்றும் பெரும்பாலும் அதே 100 யென் நாணயம். ஒற்றை நாணயத்துக்கு மேல் கேட்டால் ஆள் வராது; கேட்காவிட்டால் கூடிய வரியும் மின்கட்டணமும் கடைக்காரர் தலையில். மின்பணத்தில் கட்டினால் கொஞ்சம் கூட்டி வாங்கலாம். ஆனால் நாணயம் போட்டுப் பழகியவர்களிடம் அது எவ்வளவு தூரம் எடுபடும்?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாணயம் மாற்றும் மெஷின் பெரும்பாலும் ஒவ்வொரு தளத்திலும் இருக்கும். 2018 முதல் கொனாமி, சேகா, பண்டாய் நாம்கோ எல்லாவற்றுக்கும் செல்லும் பொது அட்டை வந்துவிட்டது. ஒன்று வாங்கிக்கொண்டால் ஸ்கோர் சேர்ந்துகொண்டே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு போனால் மாலையில் வயதுக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் எழுதியிருப்பார்கள். முதலில் தைக்கோ ஆடுங்கள், அப்புறம் டான்ஸ். டூ டிஎக்ஸ் பக்கம் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. மெஷின் காலியாகத் தெரிந்தாலும் பின்னால் நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரிசை அங்கேதான் இருக்கும்.