சென்னை - நாக்பூர், ராத்திரித் தபால்

போன சனிக்கிழமை ராத்திரி 8.50-க்கு மீனம்பாக்கத்தில் கிளம்பி 12.15-க்கு நாக்பூர் சோனேகாவ் விமான நிலையத்தில் இறங்கினேன். எல்லாம் வீட்டு மேஜையில், கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில்தான். பக்கத்து நாற்காலியில் அப்பா, கையில் அவருடைய பழைய எச்எம்டி கடிகாரம், மடியில் நான் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்த வரைபடம். நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி சிமுலேட்டரில் உண்டு, அதை இருவரும் தொடவே இல்லை.

எட்டு வருஷமாக வீட்டில் விமானம் ஓட்டுகிறேன். முதல் ஐந்து வருஷம் முழுக்க ஜெட்தான். விமானத்தின் கணினிப் பெட்டியில் வழியைத் தட்டிவிட்டு மேலே ஏறி ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்தால், இறங்கும் வரைக்கும் நமக்குப் பெரிய வேலை கிடையாது. 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 40-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அதில் டிசி-3 என்ற பழைய இரட்டை எஞ்சின் விமானமும் இருந்தது. பழைய கருவிகளோடும் ஓட்டலாம், ஜிபிஎஸ் பொருத்திய புதிய பலகையோடும் ஓட்டலாம். பழையதை எடுத்தேன். அன்றிலிருந்து ஜெட் பக்கம் போக மனசு வரவில்லை.

நம் ஊரில் டகோட்டா என்று சொன்னதெல்லாம் இந்த விமானத்தைத்தான். 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போருக்காக இதன் ராணுவ வடிவத்தை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் உபரியானவை மலிவாகக் கிடைக்க, இந்தியாவில் புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்தன. 1949 ஜனவரியில் ராத்திரி விமானத் தபால் தொடங்கியதும் இந்த டகோட்டாக்களை வைத்துத்தான். ரஃபி அகமது கித்வாய் அப்போது தகவல் தொடர்பு அமைச்சர். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் ராத்திரியில் ஆளுக்கொரு விமானம் கிளம்பும், நாட்டின் நடுவில் இருக்கும் நாக்பூரில் எல்லாம் கூடும், தபால் பைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அதது புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிடும். சாயங்காலம் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில். வெறும் இரண்டு எஞ்சினும், ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் ஊசியும் வைத்துக்கொண்டு இதை ராத்திரி தவறாமல் செய்திருக்கிறார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் அப்பா. 1962-இல் ஆர்எம்எஸ்-இல் (ரயில்வே தபால் சேவை) சார்ட்டராகச் சேர்ந்தவர். கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, பையில் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்கள். சூடான அரக்கு விரலில் பட்ட தழும்பு ஒன்று அவர் வலது கட்டைவிரலில் இன்றைக்கும் இருக்கிறது. "நாக்பூர் பை கட்டியாச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்கடா. அது மட்டும் லேட் ஆகக் கூடாது" என்றார். விமானத்துக்குள் அவர் ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை. வேன் ஏறுவதோடு அந்தப் பைக்கும் அவருக்குமான தொடர்பு முடிந்துவிடும். அதற்கப்புறம் பை எந்த வழியாகப் போனது என்று காட்டத்தான் இதை ஆரம்பித்தேன்.

வரைபடத்தில் கோடு போட்டால் ஏறக்குறைய நேர் வடக்கு, 352 டிகிரி, 490 கடல் மைல். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் மூணேகால் மணி நேரம். பழவேற்காடு ஏரி, நெல்லூர், கிருஷ்ணா, வாரங்கல், கோதாவரி, சந்திரப்பூர், நாக்பூர். கிருஷ்ணாவைத் தாண்டும்போது இடது பக்கம் தூரத்தில் நாகார்ஜுனசாகர் நீர்ப்பரப்பு நிலா வெளிச்சத்தில் தெரியும். 1949-இல் அங்கே அணையே கிடையாது, கட்டத் தொடங்கியதே 1955-இல்தான். சிமுலேட்டரில் இருப்பது இன்றைய பூமி, அதனால் அந்தக் காலத்து விமானிகளுக்குக் கிடைக்காத அடையாளமெல்லாம் எனக்குக் கிடைக்கிறது. கீழே இத்தனை விளக்குகளும் அவர்களுக்கு இருந்திருக்காது.

எஞ்சினைக் கிளப்புவதே தனி வேலை. ஸ்டார்ட்டர் சுவிட்சை முதலில் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒரு சக்கரம் சுழல ஆரம்பிக்கும், கொசு ரீங்காரம் மாதிரி தொடங்கி ஏறிக்கொண்டே போகும். உச்சத்துக்கு வந்ததும் அடுத்த சுவிட்ச், அந்தச் சக்கரம் எஞ்சினோடு கோக்கும், ப்ராப், அதாவது முன்னால் இருக்கும் விசிறி, சோம்பலாக ஒரு சுற்று சுற்றும். பிளேடுகளை எண்ண வேண்டும். நின்றிருந்த எஞ்சினில் கீழ்ப் பக்கச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும், அது வெளியேறும் முன் நெருப்பு கொடுத்தால் எஞ்சின் உடையும். அப்புறம்தான் இக்னிஷன். பதினான்கு சிலிண்டரும் ஒரே நேரத்தில் பற்றாது. ஒன்று இருமும், இரண்டு மூன்று சேரும், வெள்ளைப் புகை இறக்கை மேல் வழியும், திடீரென்று எல்லாம் ஒரே குரலாகிவிடும். உடனே கண் எண்ணெய் அழுத்த ஊசிக்குப் போக வேண்டும்.

லாஜிடெக் த்ராட்டில் பெட்டி இரண்டை ஒட்டி வைத்திருக்கிறேன், ஆறு நெம்புகோல்: எஞ்சின் சக்திக்கு இரண்டு த்ராட்டில், விசிறி வேகத்துக்கு இரண்டு ப்ராப், எரிபொருள்-காற்றுக் கலவைக்கு இரண்டு மிக்ஸ்சர். கிளம்பும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு 48 அங்குல அழுத்தம், 2700 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று), அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். 8000 அடிக்கு ஏறியதும் ப்ராப்பைக் குறைத்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எண்கள் ஒன்றாகத் தெரிந்தாலும் காது ஒப்புக்கொள்ளாது. வ்வூம்... வ்வூம்... என்று ஓர் அலை வந்து வந்து போகும். வலது ப்ராப் நெம்புகோலை மயிரிழை நகர்த்தினால் அலையின் இடைவெளி நீளும், இன்னும் நீளும், ஒரு கட்டத்தில் மறைந்து ஒரே சீரான ஓசை மட்டும் மிஞ்சும். ஹெட்ஃபோனைக் கழற்றி அப்பா காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து அலை லேசாகத் திரும்பி வந்தபோது எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்து "வலது பக்கம்டா" என்றார்.

இதே வழியில் ரெண்டு மாசம் முன்னால் ஒரு பெரிய தப்பு செய்தேன். மேற்கிலிருந்து 20 நாட் காற்று. கிளம்பும் அவசரத்தில் அதைக் கணக்கில் எடுக்காமல் 352-இலேயே பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரத்தில் வாரங்கல் வர வேண்டும், ஒன்றே முக்கால் மணிக்குள்ளேயே மூக்குக்கு நேர் கீழே ஒரு ஊரின் விளக்குகள். பின்காற்று தள்ளிவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது கம்மம். காற்று என்னைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியே போயிருந்தால் நாக்பூர் வர வேண்டிய நேரத்துக்கு 65 கடல் மைல் தள்ளி, காட்டுக்கு மேல் நின்றிருப்பேன். அடுத்த அரை மணி நேரம் எந்த ஊரும் கணக்குக்கு ஒத்து வராததால்தான் சந்தேகம் வந்தது. போதாததற்கு திசை காட்டும் கைரோ தானாகவே நழுவும், கால் மணிக்கொரு தரம் காந்தத் திசைகாட்டியைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். இப்போது அந்த வேலை அப்பாவுடையது. பதினைந்து நிமிஷம் ஆனதும் "பாரு" என்பார், நான் பார்ப்பேன்.

இறங்குவதை அவசரப்படுத்த முடியாது. ஜெட்டில் மாதிரி த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டுச் சரிய முடியாது. ஒவ்வொரு 100 ஆர்பிஎம்-க்கும் ஓர் அங்குல அழுத்தமாவது இருக்க வேண்டும் என்பது இந்த வகை எஞ்சின்களுக்குப் பழகிய கணக்கு. அதற்குக் குறைந்தால் எஞ்சின் ப்ராப்பைச் சுற்றுவது போய், காற்றில் சுழலும் ப்ராப் எஞ்சினை இழுக்க ஆரம்பிக்கும், பேரிங்குகள் தாங்காது. கணினியில் உடைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனாலும் நான் அந்த விதியை மீறுவதில்லை. சந்திரப்பூர் தாண்டியதுமே நிமிஷத்துக்கு 300 அடி வீதம் மெதுவாக இறங்குவேன்.

நாக்பூரில் நான் அடிக்கடி செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. 1953 டிசம்பரில், பை மாற்றிக்கொண்டு சென்னைக்குத் திரும்பக் கிளம்பிய டகோட்டா ஒன்று சோனேகாவ் பக்கத்திலேயே விழுந்து பதிமூன்று பேர் இறந்தார்கள். கிளம்பியதும் ஓர் எஞ்சின் சக்தி இழந்ததுதான் தொடக்கம். அதைப் படித்ததிலிருந்து, முழு எடையோடு, இருட்டில், சக்கரம் தரையை விட்டதும் இடது எஞ்சினை நிறுத்திப் பார்க்கிறேன். விமானம் இடப்பக்கம் சுழலப் பார்க்கும், வலது காலை மிதித்து விறைப்பாக வைத்திருக்க வேண்டும், சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், செத்த ப்ராப்பின் பிளேடுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் அது காற்றில் பிடித்த பலகை மாதிரி இழுக்கும். இது எல்லாவற்றுக்கும் கிடைப்பது சில வினாடிகள். பதினொரு தடவை முயன்றதில் நாலு தடவைதான் 500 அடிக்கு ஏறி, சுற்றி வந்து இறங்க முடிந்தது. அத்தனையும் எஞ்சின் நிற்கப்போகிறது என்று தெரிந்தே செய்தவை. அந்த விமானிகளுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது.

வர்ற சனிக்கிழமை திரும்பும் பயணம். ராத்திரி 2.30-க்கு நாக்பூரில் கிளம்பினால் பழவேற்காட்டுக்கு மேல் வரும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருக்கும். மத்தியானம் கொஞ்ச நேரம் தூங்குங்கப்பா என்று சொல்லியிருக்கிறேன். கடிகாரத்துக்கு இன்றைக்கே சாவி கொடுத்து வைத்துவிட்டார்.