விடை தெரிந்தும் தோற்ற மாலைகள்

1998ஆம் ஆண்டு மாசி மாதக் குளிரில் ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் மாமா வீட்டு நிலக்கீழ் அறையில் குடியேறிய எனக்கு ஆங்கிலம் காது வழியாக ஏறவில்லை. கண் வழியாகத்தான் ஏறியது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஆங்கிலத்தை, நான் தட்டுக் கழுவிய உணவகத்தில் ஒருவரும் பேசவில்லை. வேலையற்ற மாலைகளில் மாமாவோடு அமர்ந்து பார்த்த 'ஜெப்பர்டி' என்ற அமெரிக்க வினாடிவினா நிகழ்ச்சியில் மட்டும், நடத்துனர் வாசிக்கும் வரிகள் நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளில் அப்படியே வந்து நிற்கும். உச்சரிப்புத் தப்பினாலும் எழுத்து கைகொடுத்தது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான மாமா முதல் நாளே விதிகளை விளக்கிவிட்டார். போட்டியாளர்கள் மூவர், பலகையில் ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஐந்து குறிப்புகள். அக்காலத்தில் முதல் சுற்றுக் குறிப்புகளின் பெறுமதி 100 முதல் 500 டொலர் வரை, இரண்டாம் சுற்றில் அதன் இருமடங்கு. சரியாகச் சொன்னால் தொகை சேரும், பிழைத்தால் அதே தொகை கழியும். திரையில் வருவது விடை. போட்டியாளர்தான் அதற்குரிய வினாவைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பிடிபடச் சில நாட்கள் ஆயின. 1950களில் அமெரிக்க வினாடிவினாக்களில் போட்டியாளர்களுக்கு இரகசியமாக விடை கொடுத்தது அம்பலமாகிப் பெரும் ஊழலாக வெடித்திருந்தது. அப்படியானால் விடையையே வெளிப்படையாகக் கொடுத்துவிடலாமே என்று தம் மனைவி சொன்னதிலிருந்துதான் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மேர்வ் கிரிஃபின் இந்நிகழ்ச்சியை உருவாக்கினார். 1964இல் அது ஒளிபரப்பாகத் தொடங்கியது.

நாங்கள் பார்த்த காலத்தில் நடத்துனர் அலெக்ஸ் ட்ரெபெக். அவர் ஒன்ராறியோவின் சட்பரியில் பிறந்தவர் என்பதும், அவருடைய தந்தை உக்ரைனிலிருந்து வந்த சமையற்காரர் என்பதும் மாமாவுக்கு மிகவும் பிடித்த செய்திகள். நான் உணவகத்திலிருந்து கைவிரல் வெடித்து வரும் நாட்களில் அதைத் தவறாமல் நினைவூட்டுவார். ஆறுதலுக்கா, கேலிக்கா என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

அறிவைவிடக் கட்டைவிரல் முக்கியம் என்பதைப் பிறகுதான் கண்டேன். குறிப்பை நடத்துனர் வாசித்து முடிக்கும்வரை பொத்தானை அமுக்கக்கூடாது. முடிந்ததும் பலகையோரம் விளக்குகள் எரியும். முந்தி அமுக்கியவரின் பொத்தான் கால் விநாடிக்குச் செயலிழந்துவிடும், அதற்குள் அடுத்தவர் புகுந்துவிடுவார். எங்கள் வீட்டில் பொத்தானுக்குப் பதிலாக ஆளுக்கொரு குமிழ்முனைப் பேனா. மாமாவின் பேனா எப்போதும் என்னுடையதற்கு அரை விநாடி முன்னால் 'டிக்' என்னும், ஏனென்றால் நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கி, விடையைத் தமிழில் கண்டு, மறுபடியும் ஆங்கிலமாக்கிக்கொண்டிருப்பேன்.

அவருடைய உண்மையான அரசாட்சி இறுதிச் சுற்றில்தான். பிரிவின் பெயர் மட்டும் தெரிந்த நிலையில் பந்தயத் தொகையை எழுதிவிட வேண்டும். பிறகே குறிப்பு வரும், எழுதுவதற்கான முப்பது விநாடி நிகழ்ச்சியின் இசையோடு ஓடும். கையிருப்புச் சைபராகவோ அதற்குக் கீழாகவோ இருப்பவர் இதில் சேர முடியாது. விளம்பர இடைவேளையில் மாமா மின்சாரக் கட்டண உறையின் பின்புறத்தில் கணக்குப் போடுவார். "முதலாமவரிட்டை 8,000, இரண்டாமவரிட்டை 5,000. இரண்டாமவர் எல்லாத்தையும் வைச்சு வெண்டால் 10,000. அப்ப முதலாமவர் எவ்வளவு வைக்கவேணும், தம்பி?" 2,001 என்று சொல்லாவிட்டால் தேநீர் ஆறிப்போகும்வரை விளக்கம் தொடரும்.

ஒருநாள் இரண்டாம் சுற்றில், முன்னர் சிலோன் என அழைக்கப்பட்ட தீவைப் பற்றிய 800 டொலர்க் குறிப்பு வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக என் பேனா முந்தியது. "ஸ்ரீலங்கா!" என்று கத்தினேன். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வினாவாச் சொல்லேல்லை" என்றபடி உறையில் என் பெயருக்குக் கீழே 800ஐக் கழித்தார்.